கலை சொன்ன முதல் வார்த்தை

அரியாங்குப்பம்,
புதுச்சேரி.
6.7.2025, ஞாயிறு

அன்புள்ள சுமலதாவுக்கு,

கமலக்கண்ணன் எழுதுவது. தினமும் காலையில் போனில் முகம் பார்க்கிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பயந்துவிடாதே. நானும் கலையும் நன்றாக இருக்கிறோம். போன வாரம் அவளுக்கு இருந்த சளியும் விட்டுவிட்டது. கெட்ட செய்தி எதுவும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ அதைத்தான் தேடுவாய். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் தெரு வெற்றிவேல் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் இதையும் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி அக்கா போட்டது. வழியில் கசியக் கூடாது என்று மோட்டாருக்குச் சுற்றும் டேப்பை மூடியில் ஏழு சுற்று சுற்றியிருக்கிறேன். கையால் இழுக்காதே, கத்தியால் அறு. குளியலறைக் கூரை ஒழுகியதே, அதைப் பூசியாகிவிட்டது. எங்கள் கடை இராமதாஸ் அண்ணனுக்கு முழங்கால் வலி அதிகமாகி, தவளக்குப்பம் மோட்டார் கடையை இப்போது பாதி நாள் நான்தான் திறக்கிறேன். நீ அனுப்பிய கவுன் கலைக்கு ஒரு விரல்கடை நீளம். இன்னும் இரண்டு மாதத்தில் சரியாக இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்ன அடுத்த நொடியே, "எங்க, அவள சொல்லச் சொல்லு" என்பாய். அவள் சொல்ல மாட்டாள். அதற்காகத்தான் எழுதுகிறேன். நடுவில் தாவாமல் வரிசையாகப் படி.

நீ போன பிறகு இங்கே நடந்ததில் பாதியைத்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். காது ஆபரேஷன் முடிந்து, உன் லீவும் முடிந்து, நீ விமானம் ஏறிய பத்தாவது நாள் கலையின் வலது காதுக்குப் பின்னால் சத்தம் கேட்க வைக்கும் மிஷினை மாட்டி முதல்முறையாக ஆன் செய்தார்கள். நீ ஆஸ்பத்திரி டூட்டிக்கு நடுவே போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். யூடியூபில் பார்த்த குழந்தைகளைப்போல நம் பிள்ளையும் கண்ணை அகலமாக விரித்துச் சிரிக்கப்போகிறாள் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். கலை அலறினாள். தலையில் காந்தம்போல ஒட்டியிருந்த அந்த வட்டமான காயிலைப் பிடுங்கி வீசினாள். இரண்டரை வயது வரை சத்தம் என்பதே தெரியாத பிள்ளை, பயப்படாமல் என்ன செய்யும்? நீ அந்தப் பக்கம் அழுதாய். நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். பத்து மாதம் தாமதம்தான். ஆபரேஷனே வேண்டாம், பிள்ளையின் மண்டையைத் திறந்துவிட்டு அதுவும் பலிக்காமல் போனால் என்ன செய்வது என்று கையெழுத்துப் போடாமல் வராந்தாவில் போய் உட்கார்ந்தவன் நான். ஒவ்வொரு டாக்டராகப் போய்க் கேட்டு, ஒவ்வொரு டெஸ்டுக்கும் இடுப்பில் அவளைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றவள் நீ. நீ அவ்வளவு நம்பியிருக்காவிட்டால் அந்த மிஷின் அவள் தலையில் ஏறியே இருக்காது. இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் டவுனுக்குக் கூட்டிப்போகிறேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே நிர்மலாதேவி மேடம் என்று ஒருவர். வயது இருபத்தாறுதான் இருக்கும், ஆனால் கண்டிப்பு அதிகம். முதல் நாளே என்னைப் பார்த்து, "வீட்ல அவ முழிச்சிருக்கிற நேரமெல்லாம் நீங்க பேசிட்டே இருக்கணும் சார். என்ன செய்றீங்களோ அத வாயால சொல்லிட்டே செய்ங்க" என்றார். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பா கேட்ட நாலு கேள்விக்கும் தலையாட்டியே பதில் சொன்ன ஆள் நான். என்னைப் போய்ப் பேசச் சொன்னால்?

பேசினேன். "அப்பா இப்ப வெங்காயம் உரிக்கிறேன். அப்பாவுக்குக் கண்ணு எரியுது. அப்பா தண்ணி ஊத்துறேன். தண்ணி சூடு." காலையிலிருந்து இதே பாட்டு. யாரிடம் பேசுகிறேன் என்று பாக்கியலட்சுமி அக்கா முதல் வாரம் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். பழக்கம் முற்றிப்போய், கடையிலும், "இப்ப பழைய கம்பிய உருவுறேன், இப்ப புதுசு சுத்துறேன்" என்று என்னை அறியாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இராமதாஸ் அண்ணன் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "மோட்டாருக்குக் காது கேட்குதாடா?" என்றார்.

மேடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். முதல் வாரம் நான் எழுதிக்கொண்டு போனது ஒரே வரி: "ஒன்றும் கேட்கவில்லை, கேட்கும் என்று தோன்றவும் இல்லை." அவர் பேனாவை எடுத்து இரண்டாவது பாதியை அடித்தார். "நடந்தத மட்டும் எழுதுங்க சார். வராதுன்னும் எழுதாதீங்க, வந்துடும்னும் எழுதாதீங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அப்படியே எழுத ஆரம்பித்தேன். இன்றைக்கு மிஷினை இருபது நிமிஷம் கழற்றாமல் வைத்திருந்தாள். இன்றைக்கு நாற்பது நிமிஷம். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

நவம்பர் கடைசியில் வந்த புயலை நீ டி.வி.யில் பார்த்தாய். அதில் உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. எது நடந்தாலும் முதலில் கெட்டதை நினைக்கிற என் புத்தி, ஒரு வாரம் முன்பே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கடையில் கிடந்த பழைய லாரி பேட்டரியைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, கலையின் மிஷினுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு வழி செய்து வைத்திருந்தேன். பேட்டரி விஷயம் உனக்குத் தெரியும், போனில் நீகூடச் சிரித்தாய். இரண்டு நாள் கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். அந்த இரண்டு நாளும் கலையின் மிஷின் மட்டும் நிற்கவில்லை.

உனக்குச் சொல்லாதது இதுதான்: புயலுக்கு மறுநாள் காலை, விழுந்த முருங்கை மரத்தை எதிர்வீட்டில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கலை கட்டில்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அரிவாள் வெட்டு ஒன்று விழுந்தது. அவள் மெல்லுவதை நிறுத்தினாள். இன்னொரு வெட்டு. என்னைப் பார்த்தாள். அவர்கள் சற்று நிறுத்தியதும் அவளும் காத்திருந்தாள். மறுபடி வெட்டியபோது பிஸ்கட் பிடித்த கையாலேயே காதைத் தொட்டுக் காட்டினாள், சுமலதா. எதையும் கண்ணால் பார்க்கவில்லை. வெறும் சத்தம்தான். நோட்டில் அன்றைக்கு ஒரு பக்கம் எழுதினேன். மேடம் அதைப் படித்துவிட்டு, "அந்த பேட்டரி ஐடியா நல்லாருக்கே, மத்த அப்பா அம்மாவுக்கும் சொல்றேன்" என்றார். என் பயமும் ஒரு வேலைக்கு ஆனது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. தை பிறக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப ஆரம்பித்தாள். பத்துக்கு நாலு முறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடற்கரைக்குக் கூட்டிப்போய், அலைச் சத்தம் கேட்டதும் என்ன செய்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஞ்சுமிட்டாய்க்காரர் ஆட்டிய மணியைத்தான் பார்த்தாள். அதிலாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன் பிறந்தநாளுக்குள் அம்மா என்பாள் என்று உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? தெருவெல்லாம் சொல்லிவைத்தேன்.

மாசியில் என் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து, தவளக்குப்பம் மண்டபத்தில். மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. நான் கலையை நாற்காலிமேல் நிற்கவைத்து, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில், "அப்பா சொல்லு, அப்பா சொல்லு" என்றேன். ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அவர்களும் சேர்ந்துகொண்டு, "சொல்லு பாப்பா, சொல்லு" என்றார்கள். பதினைந்து முறையாவது கேட்டிருப்பேன். அவள் ஒவ்வொரு முகமாக எல்லாரையும் பார்த்தாள். அப்புறம் காயிலைப் பிடுங்கி எறிந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடி எடுத்தேன். யாரோ ஒருவர், "பாவம்" என்றார். அது அவளுக்கா எனக்கா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் மிஷினை மாட்ட விடவில்லை. மிஷின் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். மிஷின் அலமாரியில்தான் இருந்தது.

அந்த ஒன்பது நாளும் எனக்கு அப்பா ஞாபகம்தான். மில்லை மூடிய பிறகு அவர் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார் என்பது உனக்குத் தெரியும். அவர் எப்படி இருந்தார் என்று நான் சொன்னதில்லை. அடுத்த மாசம் திறந்துடுவாங்க என்று யாராவது டீக்கடையில் சொன்னால் போதும், வந்து காக்கிச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போடுவார், சைக்கிளுக்கு எண்ணெய் விடுவார். வேறு வேலைக்குக் கூப்பிட்டால், "மில்லு திறந்துட்டா நடுவுல விட்டுட்டு வரணுமே" என்று போக மாட்டார். அம்மாதான் வீட்டு வேலைக்குப் போய் எங்களை வளர்த்தாள். அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் எதையும் நம்பக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். நம்பாமல் இருந்தால் ஏமாற மாட்டோம் என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால், பிள்ளையை நாற்காலிமேல் நிற்கவைத்த அன்று நானும் அவரைப்போல அடுத்த மாசத்துக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

நோட்டில் எழுத ஒன்றும் இல்லை என்று வெறுங்கையோடு மேடத்திடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "அவளே கழட்டினாளா? வேணாம்னு உங்ககிட்ட சொல்ல அவளுக்குத் தெரிஞ்சிருக்குல்ல? அத எழுதுங்க" என்றார். எழுதினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. என் அப்பாவைப்போல ஒரு பிடிவாதம் அவளுக்கும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மிஷினை அலமாரியிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தேன். மாட்டச் சொல்லவில்லை. நான் பாட்டுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு, "அப்பா கத்திரிக்காய் வெட்டுறேன், இது பூச்சி, இத தூக்கிப் போடுறேன்" என்று பேசிக்கொண்டிருந்தேன். பழக்கம். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், மிஷினை எடுத்துவந்து என் மடியில் வைத்துவிட்டு, வலது காதை என் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

என் கையெல்லாம் கத்தரிக்காய்க் கறை. வேட்டியில் துடைத்துவிட்டு மாட்டினேன். அன்றிலிருந்து இன்று வரை காலையில் கண் விழித்ததும் அவளே கை நீட்டி வாங்கி மாட்டிக்கொள்கிறாள். இரண்டரை வயதில் பயந்து அலறிய பிள்ளை, மூன்று வயதுக்குள் தானாக முடிவு செய்து வந்து காதைக் கொடுத்தாள். நம் இரண்டு பேரைவிடவும் அவளுக்குத் துணிச்சல் அதிகம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. கடையில் ஆள் வந்து நின்றால்கூடத் தெரிவதில்லை.

இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன். போன மாதம் இருபத்துமூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை, வாசல்படியில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளர் கை நழுவி உருண்டது. பால் முழுக்கக் கொட்டியது. அவள் அதைப் பார்த்தாள், இரண்டு கையையும் விரித்தாள், "ஓச்சு" என்றாள்.

போச்சு, சுமலதா. நம் பெண் பேசிய முதல் வார்த்தை போச்சு.

அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. கரண்ட் போனாலும், சாம்பார் தீய்ந்தாலும், பஸ் தவறினாலும் நாளைக்கு இருபது முறை நான் சொல்கிற வார்த்தை. கல்யாணமான புதிதில் உன் தங்கை என்னை "போச்சு மாமா" என்று கேலி செய்வாளே, அதே வார்த்தை. கையை விரிப்பதுகூட என்னை மாதிரியே. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று பாக்கியலட்சுமி அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் இந்த முறை தெருவில் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. மேடம் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. மூன்று வேறு வேறு நாளில், சரியான இடத்தில், யாரும் கேட்காமல் சொன்னால்தான் அது வார்த்தை. செவ்வாய்க்கிழமை அவள் கையிலிருந்த முறுக்கைக் காக்காய் கொத்திக்கொண்டு போனது. "ஓச்சு." புதன்கிழமை மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது கரண்ட் போனது. இந்த முறை உதட்டைச் சேர்த்து, நன்றாக, "போச்சு" என்றாள். மேடத்திடம் நோட்டை நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உங்க வார்த்தைதானே சார்? நீங்க பேசினதத்தான் அவ கேட்டிருக்கா" என்றார். அதற்குப் பிறகும் பத்து நாள் பொறுத்தேன். தினமும் சொல்கிறாள். அதனால் தைரியமாக எழுதுகிறேன். இது நடந்தது. கற்பனை இல்லை, ஆசையும் இல்லை.

இப்போது நான் அந்த வார்த்தைக்குப் பின்னால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். "போச்சு. பரவால்ல, வேற ஊத்தலாம்." கரண்ட் வந்ததும், "வந்துச்சு" என்கிறேன். வருவதற்கு முன்னால் சொல்வதில்லை. வந்ததும் சொல்லாமல் விடுவதும் இல்லை. அவள் அதை இன்னும் சொல்லவில்லை. எப்போது சொல்வாள் என்று கேட்காதே. நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான் இன்றைய நிலவரம்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷமே சேர்க்க வேண்டும் என்றாய். ஒரு வருஷம் பொறுப்போம். காது வந்து பத்து மாதம்தான் ஆகிறது, அந்தக் கணக்கில் அவள் இன்னும் கைக்குழந்தை என்கிறார் மேடம். நீ போனில் காட்டிய அந்தப் பாடும் பொம்மையையும் வாங்கி வராதே. அதன் சத்தத்துக்குள் நாம் பேசுவது அவளுக்குத் தனியாகப் பிரிந்து கேட்காது.

ஆகஸ்ட் மாதம் நீ வரும்போது ஒன்று மட்டும் செய். விமான நிலையத்துக்கு அவளை அழைத்து வர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, அங்கே இரைச்சல் அதிகம். நேராக வீட்டுக்கு வா. வந்ததும் அவளைக் கூப்பிடாதே, அம்மா சொல்லு என்று கேட்காதே. அவளுக்கு வலது பக்கம் பாயில் உட்கார்ந்து என்னோடு பேசு. விமானத்தில் என்ன சாப்பாடு போட்டார்கள், உன் வார்டில் யார் எப்படி, வெற்றிவேல் ஊறுகாயை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தானா, எதையாவது பேசு. போனில் வருவது உன் குரலில் கால்வாசிகூட இல்லை. காது வந்த பிறகு அவள் உன்னை நேரில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்றைக்கே திரும்பிப் பார்ப்பாளா என்று எனக்குத் தெரியாது. திரும்பாவிட்டால் மறுநாளும் பேசு. உனக்கு நாற்பத்தைந்து நாள் லீவு இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. நைட் டூட்டிக்கு அடுத்த நாள் தூங்காமல் துணி துவைத்துக்கொண்டு நிற்காதே. அம்மன் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வா சுமலதா, வந்து பேசிக்கொண்டே இரு. அவள் எப்போது திரும்பினாலும் திரும்பட்டும். நான் எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்,
கமலக்கண்ணன்